சுமைதாங்கிக் கல்லும் மகப்பேறு வார்டும்



நம் பக்கத்துப் பழைய சாலைகளின் ஓரத்தில் சுமைதாங்கிக் கற்களைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்தூண்களை நட்டு, அவற்றின் மேல் ஒரு பலகைக் கல்லைக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு நடந்து வருகிறவர் யாருடைய கையையும் எதிர்பாராமல் சுமையை அதன்மேல் இறக்கி வைத்து இளைப்பாறலாம். சாலையை அகலப்படுத்தும்போது பலவற்றைப் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். மிச்சம் இருப்பவற்றில் சுவரொட்டி ஒட்டுகிறார்கள்.

அந்தக் கல்லை யார் நினைவாக நட்டார்கள் என்பது இளைய தலைமுறைக்குத் தெரியாது. வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணுக்காக அவள் வீட்டார் நட்ட கல் அது. அவள் தன் சுமையை இறக்காமலே போய்விட்டாள். அவள் பேரால் வழிப்போக்கர்களாவது சுமையை இறக்கி வைக்கட்டும் என்ற எண்ணம். பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறவி என்று நம் பாட்டிமார் சொன்னது அலங்காரப் பேச்சு அல்ல. கல் நட வசதி இருந்த வீட்டார் நட்டார்கள். வசதி இல்லாத வீடுகளில் போன உயிர்களுக்கு எந்த அடையாளமும் இல்லை.

இதை இன்று நான் சொல்லக் காரணம் இருக்கிறது. கடையம் பக்கத்திலிருந்து ஒரு நேயர் நமக்குக் கடிதம் எழுதியிருந்தார். "சாமி, இப்போது அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம் இலவசம், அதற்கு மேல் உதவிப் பணமும் கிடைக்கிறது. அப்படியிருக்க திருச்சபை எதற்கு ஆஸ்பத்திரி நடத்த வேண்டும்? அதுவும் மற்றவர்களைப் போலவே பில் போட்டுக்கொண்டு?" என்று கேட்டிருந்தார். கோபத்தோடு எழுதிய கடிதம்தான். ஆனால் நியாயமான கேள்வி. கத்தோலிக்க மருத்துவமனைகள் நம் நாட்டுக் கிராமங்களுக்கு எப்படி வந்தன என்ற கதையைச் சொல்லாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. அந்தக் கதையில் நமக்குப் பெருமை தரும் பக்கங்களும் உண்டு, பெருமை தராத பக்கங்களும் உண்டு.

நூறு ஆண்டுகளுக்கு முந்தைய தென்காசியை எண்ணிப் பாருங்கள். கம்பெனிக் காலத்திலிருந்தே வெள்ளைக்கார அதிகாரிகள் சமவெளியின் வெயிலுக்குத் தப்பிக் குற்றாலத்துக்கு வந்து பங்களாக்களில் தங்கி உடம்பைத் தேற்றிக்கொண்டு போனார்கள். சாரலும் அருவியும் அவர்களுக்கு மருந்தாக இருந்தன. அதே அருவித் தண்ணீர் சிற்றாறாக ஓடிப் பாயும் ஊர்களில், பிரசவ வலி கண்ட பெண்ணுக்கு இருந்த ஒரே துணை ஊர் மருத்துவச்சி. அனுபவசாலிகள் அவர்கள், நேராக வரும் பிள்ளையைப் பத்திரமாக எடுத்துவிடுவார்கள். பிள்ளை குறுக்கே கிடந்தாலோ, உதிரப்போக்கு நிற்காவிட்டாலோ அவர்களிடம் வழி இல்லை. கொதிக்க வைக்காத கத்தியால் தொப்புள்கொடியை அறுத்து, அறுத்த இடத்தில் சாம்பல் வைப்பார்கள். சில நாளில் குழந்தைக்கு ஜன்னி கண்டுவிடும். தாய்க்கும் காய்ச்சலாகத் தொடங்கி ஜன்னியில் முடியும். கழுவாத கைதான் காரணம் என்பது அப்போது வீடுகளுக்குத் தெரியாது.

ஆங்கில மருத்துவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அவர்கள் ஆண்கள். ஆண் மருத்துவர் தொட்டுப் பார்ப்பதைவிட மனைவி சாவதே மேல் என்று எண்ணிய வீடுகள் எல்லாச் சாதியிலும் எல்லா மதத்திலும் இருந்தன. சென்னை திருவல்லிக்கேணியில் இருக்கும், 1885இல் தொடங்கிய மருத்துவமனையை மக்கள் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்று சொல்வது அதனால்தான். திரைக்குப் பின்னால் வாழ்ந்த பெண்களுக்கென்றே ஒரு பெண் மருத்துவரின் முயற்சியால் எழுந்த இடம் அது. 1894இல் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார் வந்து, பிரசவத்தில் தவிக்கும் தங்கள் பெண்களைப் பார்க்க ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண்ணை அழைத்தார்கள். அவர் மருத்துவம் படித்தவர் அல்லர். மருத்துவரான அவருடைய தந்தை வரத் தயாராக இருந்தும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். அந்த இரவுக்குப் பிறகு ஐடா மருத்துவம் படித்துத் திரும்பி வந்து தொடங்கியதுதான் இன்றைய வேலூர் சி.எம்.சி. நமக்குத் தெற்கே நெய்யூரிலும் லண்டன் மிஷன் மருத்துவமனை 19ஆம் நூற்றாண்டிலிருந்தே இயங்கியது.

இவர்களெல்லாம் சீர்திருத்த சபைச் சகோதரர்கள். அப்படியானால் நம்மவர்கள் எங்கே இருந்தார்கள்?

கோவில் கட்டினோம், பள்ளிக்கூடம் கட்டினோம், அநாதை இல்லம் நடத்தினோம். கன்னியர் நோயாளிகளைப் பராமரித்தார்கள், புண் கழுவினார்கள், மருந்து கொடுத்தார்கள். ஆனால் ஒரு கன்னியர் மருத்துவராவதற்கும், பிரசவ அறைக்குள் நுழைவதற்கும் திருச்சபைச் சட்டமே குறுக்கே நின்றது. இதன் வேர் மிகப் பழையது. 1139இல் கூடிய இரண்டாம் லாத்தரன் சங்கம், துறவிகள் மடத்தை விட்டுப் பணத்துக்காக மருத்துவத் தொழிலுக்குப் போவதைக் கண்டித்தது. 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம், குருக்கள் அறுவைச் சிகிச்சை செய்வதைத் தடுத்தது. அந்தக் காலத்துக்கு அவற்றில் நியாயம் இருந்தது. மடம் கடையாகிவிடக்கூடாது, பலிபீடத்தில் நிற்கும் கை, கத்தி பிடித்து ஓர் உயிர் போகக் காரணமாகக்கூடாது. ஆனால் காரணம் மறைந்த பிறகும் சட்டம் நின்றது. 1917இல் வெளிவந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பும், சிறப்பு அனுமதி இல்லாமல் குருக்கள் மருத்துவம் செய்யலாகாது என்றது. அது துறவியருக்கும் பொருந்தியது. கற்பு வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள் பிரசவம் பார்ப்பது பொருத்தமில்லை என்ற எண்ணமும் அதோடு சேர்ந்துகொண்டது.

இதில் எனக்கு எப்போதும் ஒரு வியப்பு உண்டு. மரியா கருவுற்ற செய்தி கேட்டவுடன் என்ன செய்தார்? மலைநாட்டுக்கு விரைந்தார், ஆறாம் மாதத்தில் இருந்த எலிசபெத்தின் வீட்டுக்கு. மூன்று மாதம் அளவும் தங்கினார். ஆறும் மூன்றும் எத்தனை என்று குருமடத்துக்குப் போகாதவர்களுக்கும் கணக்குத் தெரியும். பிள்ளை பிறக்கும் வரை அவர் இருந்தாரா இல்லையா என்று விவிலிய அறிஞர்கள் வாதிடலாம். பேறுகாலத் துணையாகத்தான் போனார் என்பதில் நம் ஊர்த் தாய்மாருக்குச் சந்தேகம் வராது. அந்த மரியாவின் பெயரைத் தாங்கிய எத்தனையோ சபைகளின் மகள்களுக்கு, அவர் செய்த காரியம் மட்டும் தடை செய்யப்பட்டிருந்தது.

தடையை முதலில் தட்டியவர் கன்னியர் அல்லர், ஆயரும் அல்லர். ஆக்னஸ் மக்லாரன் என்ற ஸ்காட்லாந்துப் பெண்மணி. 1837இல் எடின்பரோவில் பிறந்தவர். தம் நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பெண்களுக்குப் பட்டம் தர மறுத்ததால் பிரான்சின் மோன்பெலியே நகரில் படித்து 1878இல் மருத்துவரானார். கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தபோது அவருக்கு வயது 61. ராவல்பிண்டியில் பணியாற்றிய மறைப்பணியாளர்கள் மூலம் இந்தியப் பெண்களின் நிலையை அறிந்து, அங்கே பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு மருத்துவமனை எழச் செய்தார். எழுபது வயதைத் தாண்டியபின் தாமே இந்தியாவுக்கு வந்து பார்த்தார். கட்டடம் இருந்தது, நிலையாகத் தங்கும் பெண் மருத்துவர் இல்லை. கன்னியர் மருத்துவரானால்தான் இது நிற்கும் என்று கண்டு, ரோமைக்கு மறுபடியும் மறுபடியும் போய் விண்ணப்பித்தார். அனுமதி கிடைக்கவில்லை. 1913இல் இறந்தார். வென்றார் என்று எழுத அவர் வாழ்நாளில் ஒன்றும் இல்லை.

இரண்டு ஆண்டு கழித்து, 1915இல், ஆஸ்திரேலியாவின் மெல்பேர்ன் நகரில் மேரி குளோரி என்ற 28 வயது மருத்துவர் ஆக்னஸ் மக்லாரனைப் பற்றிய ஒரு சிறு நூலைப் படித்தார். சிறு நூல்தான், நம் கோவில் வாசலில் விற்குமே, அது போல. படித்து முடித்தபோது தம் வாழ்நாள் பணி இந்தியாவில் என்று அவருக்கு உறுதியாகிவிட்டது.

இவர் 1887இல் விக்டோரியா மாநிலத்து நாட்டுப்புறத்தில் பிறந்தவர். உதவித்தொகையில் படித்து 1910இல் மருத்துவப் பட்டம் பெற்றார். கண் மருத்துவத்தில் தேர்ந்தவர். 1916இல் தொடங்கிய கத்தோலிக்கப் பெண்கள் சமூகச் சங்கத்துக்கு முதல் தலைவர். நல்ல வருமானமும் நல்ல பெயரும் வந்துகொண்டிருந்தன. ஆனாலும் உடனே கப்பல் ஏறிவிடவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார். அந்தக் காலத்தில் மகப்பேறு, பெண்கள் நோய், கண் மருத்துவம் ஆகியவற்றில் உயர்பட்டம் பெற்றார். ஆர்வம் மட்டும் போதும், அரைகுறைப் படிப்போடு ஏழைகளிடம் போகலாம் என்று அவர் நினைக்கவில்லை. இந்த இடத்தை இளைஞர்கள் கவனிக்க வேண்டும்.

1920 பிப்ரவரி 12 அன்று குண்டூர் வந்து சேர்ந்தார். குண்டூர் இன்று ஆந்திரத்தில் இருக்கிறது. அன்று குண்டூரும் நம் திருநெல்வேலிச் சீமையும் ஒரே சென்னை மாகாணம். செங்கோட்டை மட்டும் 1956 வரை திருவிதாங்கூர்ப் பக்கம். குண்டூரில் இயேசு மரி யோசேப்பு சபையின் டச்சுக் கன்னியர் ஒரு சிறு மருந்தகம் நடத்திவந்தார்கள். அந்தச் சபையிலேயே மேரி சேர்ந்தார். துறவியாகிவிட்டால் மருத்துவம் பார்க்க முடியாதே? திருத்தந்தை 15ஆம் பெனடிக்ட் தனி அனுமதி கொடுத்தார். அப்படி அனுமதி பெற்று மருத்துவம் பார்த்த முதல் கன்னியர் என்று அவரைச் சொல்வார்கள். ஒரே ஒருவருக்குக் கதவு திறந்தது. சட்டம் அப்படியே இருந்தது.

சிறு மருந்தகம் புனித சூசையப்பர் மருத்துவமனையாக வளர்ந்தது. வளர்ந்தது என்று ஒரு சொல்லில் சொல்லிவிடுகிறோம். நெடுங்காலம் அங்கே அவர் ஒருவரே மருத்துவர். காலையில் புறநோயாளிகள், பிறகு அறுவை, அதன்பின் மாட்டுவண்டியில் கிராமங்கள். தெலுங்கு கற்றுக்கொண்டுதான் நோயைக் கேட்க வேண்டும். கோடையில் குண்டூர் வெயில் எப்படி என்று அங்கே வேலைக்குப் போய்வந்தவர்களைக் கேளுங்கள். குளிர்நாட்டுக்குத் தைத்த கனத்த துறவற உடை வேறு. லட்சக்கணக்கானவர்கள் அந்த வாசலைக் கடந்தார்கள்.

என்னைக் கேட்டால், அவர் செய்த சிகிச்சைகளைவிடப் பெரியது அவர் கொடுத்த பயிற்சி. உள்ளூர்ப் பெண்களை மருந்து கலப்பவர்களாகவும், செவிலியராகவும், பிரசவம் பார்ப்பவர்களாகவும் பயிற்றுவித்தார். ஒரு மருத்துவர் எத்தனை வீட்டுக்குப் போக முடியும்? கையைச் சோப்புப் போட்டுக் கழுவவும், கத்தியைக் கொதிக்க வைக்கவும், எந்தப் பிரசவத்தைத் தானே பார்க்கலாம், எதை உடனே வண்டியில் ஏற்றி அனுப்ப வேண்டும் என்று முடிவு செய்யவும் தெரிந்த ஒரு பெண் ஊரில் இருந்தால், பாதிச் சாவைத் தடுத்துவிடலாம். இன்று நம் துணை சுகாதார நிலையத்துக் கிராம செவிலியர் செய்வது அதைத்தான்.

சட்டம் எப்படி மாறியது என்று கேட்பீர்கள். ஆக்னஸ் மக்லாரன் விட்டுப்போன இழையைப் பிடித்தவர் ஆஸ்திரியாவின் திரோல் மலைப்பகுதியில் பிறந்த அன்னா டெங்கல். அவருக்கும் மக்லாரனுக்கும் கடிதப் பழக்கம் மட்டுமே. நேரில் பார்க்கும் முன்பே மூத்தவர் இறந்துவிட்டார். அவர் சொல்லியிருந்தபடி அயர்லாந்தின் கார்க் நகரில் படித்து, 1920இல் ராவல்பிண்டிக்கு வந்து, சில ஆண்டுகள் பெண்களையும் குழந்தைகளையும் பார்த்தார். உடைந்துபோகும் அளவுக்கு வேலை. ஒருவர் இருவராக வந்து தேய்ந்துபோவதில் பயனில்லை, மருத்துவம் படித்த பெண்களின் துறவற சபையே வேண்டும் என்று தெளிந்தார். 1925இல் அமெரிக்காவின் வாஷிங்டனில் நான்கு பேராக மருத்துவ மறைப்பணிச் சகோதரிகள் என்ற குழுவைத் தொடங்கினார். சட்டப்படி முழுத் துறவற சபையாக இருக்க முடியாது. அதனால் பொது வார்த்தைப்பாடு இல்லாத குழுவாகவே தொடங்கினார்கள். பட்டம் இல்லாவிட்டாலும் பணி நடக்கட்டும் என்றார்கள்.

1936 பிப்ரவரி 11 அன்று, திருத்தந்தை 11ஆம் பயஸ் காலத்தில், மறைபரப்புப் பேராயம் ஒரு அறிவுறுத்தலை வெளியிட்டது. மறைப்பணி நாடுகளில் கன்னியர் மருத்துவமும் செவிலியமும் முறையாகப் படிக்கலாம், தாய் சேய் நலப் பணியிலும் ஈடுபடலாம் என்று அது கதவைத் திறந்தது. மக்லாரன் இறந்து 23 ஆண்டுகள் ஆகியிருந்தன. பிப்ரவரி 11 லூர்து அன்னையின் திருநாள். இன்று அதே நாளை உலக நோயாளர் நாளாகக் கொண்டாடுகிறோம். நோயில்பூசுதல் கொடுத்து, ரொட்டியும் பழமும் வழங்குகிறோம். அடுத்த ஆண்டு அந்தத் திருப்பலியில் இந்தப் பெண்களையும் நினைத்து மன்றாடலாமே என்பது என் விருப்பம்.

இதற்கிடையில் குண்டூரில் மேரி குளோரி இன்னொன்றைக் கவனித்தார். நாடு முழுவதும் கன்னியர் நடத்தும் மருந்தகங்கள் சிதறிக் கிடந்தன. ஒன்றுக்கு இன்னொன்றைத் தெரியாது. மருந்து வாங்குவதிலும், செவிலியருக்குப் பயிற்சி கொடுப்பதிலும், அரசோடு பேசுவதிலும் தனித்தனியே திணறினார்கள். 1943இல், உலகப்போரின் நடுவில், அவர் தலைமையில் பெங்களூரில் கன்னியர் சிலர் கூடிக் கத்தோலிக்க மருத்துவமனைகள் சங்கத்தைத் தொடங்கினார்கள். கூட்டம் சிறியது. இன்று அதில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் உள்ளன, பெரும்பாலானவை சிற்றூர்களில். கத்தோலிக்க மருத்துவக் கல்லூரி ஒன்று வேண்டும் என்பதும் அவருடைய கனவு. 1957 மே 5 அன்று பெங்களூரில் புற்றுநோயால் இறந்தார். அதே ஊரில் புனித யோவான் மருத்துவக் கல்லூரி திறந்தது 1963இல்.

இனி கடையத்து நேயருக்கு வருவோம்.

ஐயா, நீங்கள் சொன்னது உண்மை. இன்று தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவிலும் செவிலியர் இருக்கிறார். சிக்கல் என்றால் 108 வருகிறது, தென்காசிக்கோ பாளையங்கோட்டை ஹைகிரவுண்டுக்கோ கொண்டுபோய் விடுகிறது. பல மிஷன் ஆஸ்பத்திரிகளில் மகப்பேறு வார்டில் கட்டில்கள் காலியாக இருப்பதைப் பார்த்து வயதான கன்னியர் வருத்தப்படுவதுண்டு. நான் வருத்தப்படுவதில்லை. அந்தக் கட்டில் காலியாவதற்காகத்தானே அதைப் போட்டார்கள்!

பில் பற்றிச் சொன்னீர்கள். மருத்துவருக்குச் சம்பளம், செவிலியருக்குச் சம்பளம், கருவிகள், மருந்து, உரிமம் என்று எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். முன்பு போல வெளிநாட்டு உதவி வருவதில்லை. கிராமத்தில் தங்க மருத்துவர்கள் வருவதில்லை. இளம் கன்னியரின் எண்ணிக்கையும் குறைகிறது. ஆகவே கட்டணம் வாங்குவதையே நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் நகரத்துத் தனியார் மருத்துவமனையோடு போட்டி போட்டு, அதே ஸ்கேன், அதே ஏசி அறை, அதே கட்டணம் என்று ஓடுகிற இடத்தில், வாசலில் இருக்கும் திரு இருதய ஆண்டவர் சுரூபம் மட்டும் அதை மிஷன் ஆஸ்பத்திரி ஆக்கிவிடாது. அந்த அளவில் உங்கள் கோபம் எனக்கும் உண்டு.

அந்தப் பெண்கள் பார்த்தது ஒன்றே ஒன்று: யாரும் நுழையாத அறை எது? அன்று அது பிரசவ அறை. இன்று நம் ஊர்களில் அந்த அறை வேறு வீட்டில் இருக்கிறது. பக்கவாதம் வந்து ஆறு ஆண்டுகளாகத் திண்ணை அறையில் கிடக்கிறார் ஒரு பெரியவர். மகன் துபாயில், மகள் திருப்பூரில். நாற்பது ஆண்டு பீடி சுற்றிய கிழவிக்கு மூச்சு வாங்குகிறது. அடுத்த தெருவுக்கு நடக்க முடியாது, ஆஸ்பத்திரி வரிசையில் எப்படி நிற்பாள்? புற்றுநோய் முற்றிவிட்டது, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வலிக்கு என்ன செய்வது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. மனநோய் கண்ட மகளைப் பின்கட்டில் பூட்டி வைத்து, கல்யாண வீட்டில் கேட்பவர்களிடம் வெளியூரில் இருக்கிறாள் என்று சொல்லும் தாய் இருக்கிறார். இவர்களுக்கு அரசுத் திட்டம் இல்லாமல் இல்லை. மக்களைத் தேடி மருத்துவம் என்று வீட்டுக்கே வரும் திட்டமும் இருக்கிறது. ஆனாலும் புண்ணைக் கழுவி, பக்கம் மாற்றிப் படுக்க வைத்து, அரை மணி நேரம் உட்கார்ந்து பேச ஆள் போதவில்லை.

சில இடங்களில் கன்னியர் இதைத் தொடங்கிவிட்டார்கள். பையில் பஞ்சு, மருந்து, சிறுநீர்க் குழாய் மாற்றும் உறை, இரத்த அழுத்தக் கருவி. சாரல் காலத்தில் மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் இரண்டு பேர். கட்டடம் இல்லை, பெயர்ப்பலகை இல்லை, வார்டு இல்லை. குண்டூர்ப் பெண்களுக்கு மேரி குளோரி கொடுத்தது போல, உங்கள் வீட்டுப் பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் அடிப்படைப் பயிற்சி கொடுக்கவும் அவர்கள் தயார். படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொள்ளக் கற்க ஒரு வாரம் போதும்.

நம் பங்கில் படுக்கையில் இருப்பவர்களின் பட்டியல் ஒன்று தயாராகிறது. கிறிஸ்தவர்கள் மட்டும் என்று இல்லை. உங்கள் தெருவில் யாராவது இருந்தால், தெருப் பெயரையும் வீட்டு அடையாளத்தையும் எழுதி, ஞாயிறு திருப்பலிக்குப் பின் பங்கு அலுவலகத்தில் கொடுங்கள். வீட்டார் வெளியே சொல்ல விரும்பவில்லை என்றால் என்னிடம் நேரில் சொல்லுங்கள். பயிற்சிக்கு வர விரும்புகிறவர்களும் பெயர் கொடுக்கலாம், ஆண்களும் வரலாம்.